உதவித்தொகை எவ்வளவு என்று போடுகிறீர்கள், மீதி எவ்வளவு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கும்பகோணத்தில் பாத்திரக் கடை வைத்திருக்கிறேன். காலையில் கடை திறந்து, வாசலில் தண்ணீர் தெளித்து, ஊதுபத்தி ஏற்றியதும் பிரிப்பது உங்கள் நாளிதழைத்தான். சென்ற வாரம் மூன்றாம் பக்கத்தில் ஒரு செய்தி. நம் மாவட்டத்து மாணவி ஒருவருக்கு அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று ஒரு கோடி ரூபாய் உதவித்தொகை கொடுத்திருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு என் வாழ்த்து. ஆனால் செய்தியை இரண்டு முறை படித்தும் நான் தேடியது கிடைக்கவில்லை. நான்கு வருடப் படிப்புக்கு மொத்தம் எத்தனை ரூபாய்? அந்த ஒரு கோடி போக அவள் அப்பா கட்ட வேண்டியது எத்தனை?

நான் ஏன் கேட்கிறேன் என்றால், 2024-ஆம் வருடம் என் மகளின் படமும் இப்படித்தான் ஊரில் தொங்கியது. பேப்பரில் வரவில்லை, பேனரில் வந்தது. அவள் விண்ணப்பித்த ஒன்பது இடங்களில் ஒரு பெரிய பல்கலைக்கழகம் வருடத்துக்கு 28,000 டாலர் தருவதாகக் கடிதம் அனுப்பியது. நான்கு வருடத்துக்கு 1,12,000 டாலர். அன்றைக்கு டாலர் 83 ரூபாய். வெளிநாட்டுப் படிப்புக்கு யோசனை சொல்பவர் என்று நாங்கள் ஆரம்பத்தில் போய்ப் பார்த்த ஒரு கன்சல்டன்சிக்காரர், எங்களைக் கேட்காமலே, '93 லட்சம் ரூபாய் உதவித்தொகை பெற்ற நம் ஊர் மாணவி' என்று பஸ் ஸ்டாண்ட் எதிரில் பிளெக்ஸ் கட்டிவிட்டார். இரண்டு நாள் கடைக்கு வந்தவர்கள் எல்லாம் கை கொடுத்தார்கள். ஒருவர், இனி நான் எதற்கு அண்டா விற்க வேண்டும் என்று கேட்டார்.

அந்தப் பல்கலைக்கழகத்தின் வருடச் செலவு 67,000 டாலர். 28,000 போக மீதி 39,000. ரூபாயில் 32 லட்சத்து 37 ஆயிரம், ஒரு வருடத்துக்கு. செலவு வருடத்துக்கு 4 சதவீதம் ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், உதவித்தொகை ஏறாது என்று கடிதத்திலேயே இருந்தது. நான்கு வருட மீதியைக் கூட்டினால் 1,72,500 டாலர் சொச்சம். அதாவது 1 கோடியே 43 லட்சம். பேனரில் 93 லட்சத்தைப் பெரிதாகப் போட்டார்கள். 143 லட்சத்தைச் சின்ன எழுத்தில்கூடப் போடவில்லை. எங்கள் வீட்டு மொத்த வருட வருமானம் பதினாலரை லட்சம்.

நல்லவேளையாக இந்தக் கணக்கை நான் கடிதம் வந்த பிறகு போடவில்லை. முந்தின ஆகஸ்டிலேயே, விண்ணப்பிக்கும் முன்னால், கடைச் சிட்டையின் கடைசிப் பக்கத்தில் உத்தேசக் கணக்கு எழுதிவிட்டேன். அதை எப்படிப் போட்டேன் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். உங்களுக்கு இடம் இல்லையென்றால் வெட்டிக்கொள்ளுங்கள், ஆனால் எண்களை வெட்டாதீர்கள்.

முதலில் எழுதியது எங்களால் எவ்வளவு முடியும் என்பதை. எந்தக் கல்லூரியின் பெயரையும் பார்க்காமல் எழுதியது அது. வருட வருமானத்தில் மிச்சம் பிடித்து 4 லட்சம். வங்கியில் இருந்த 11 லட்சம் டெபாசிட்டை நான்காகப் பிரித்தால் வருடத்துக்கு 2 லட்சத்து 75 ஆயிரம். என் மனைவி போடும் சீட்டிலிருந்து 75 ஆயிரம். ஆக வருடத்துக்கு ஏழரை லட்சம், கிட்டத்தட்ட 9,000 டாலர். வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்குவதில்லை என்று முடிவு செய்தோம். பொதுத்துறை வங்கிகளின் வழக்கமான திட்டத்தில் ஏழரை லட்சத்துக்கு மேல் கல்விக் கடன் என்றால் சொத்தை ஈடு காட்ட வேண்டும், எங்களுக்கு இருப்பது ஒரே வீடு, அதில் என் தாயார் படுக்கையில் இருக்கிறார். பின்னால் ஒரு மகனும் படிக்கிறான்.

அடுத்து, எந்தக் கல்லூரி எங்களைப் போன்றவர்களுக்கு அந்த 9,000 டாலர் போக மீதி முழுவதையும் தரும் என்பது. இங்கேதான் பெரும்பாலானவர்கள் தடுமாறுகிறார்கள். அமெரிக்க அரசாங்கத்தின் கல்வி உதவிப் பணம் வெளிநாட்டு மாணவருக்குக் கிடையாது. அந்தப் பணத்துக்காக அங்கே எல்லோரும் போடும் ஃபாஃப்சா விண்ணப்பம் நமக்கானது இல்லை. நமக்கு வருவதெல்லாம் அந்தக் கல்லூரியே தன் கைப்பணத்திலிருந்து தருவது. அரசுப் பல்கலைக்கழகங்கள் பலவும் வெளிநாட்டவரிடம் வாங்கத்தான் பார்க்கின்றன. கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் இளநிலை படிக்கும் வெளிநாட்டு மாணவருக்குக் குடும்ப வசதியைப் பார்த்துத் தரும் உதவி எதையும் தருவதில்லை. அதோடு வெளியாட்களுக்கென்று 34,000 டாலருக்கு மேல் கூடுதல் கட்டணம் வேறு. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலிஸ் என்று பெயரைக் கேட்டு ஆசைப்பட்ட என் மகளிடம் இதைக் காட்டியதும் அவளே பட்டியலிலிருந்து அடித்துவிட்டாள்.

மறுபக்கம் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹெர்ஸ்ட். வெளிநாட்டு மாணவராக இருந்தாலும் பணம் கேட்கிறாரா என்பதைப் பார்க்காமல் சேர்த்துவிட்டு, அப்புறம் குடும்பத்தால் முடியாத தொகை முழுவதையும் கொடுக்கிறவர்கள் இவர்கள். 2022-இல் டார்ட்மவுத்தும் போடன் கல்லூரியும் இந்த வரிசையில் சேர்ந்தன. கேட்கச் சுகமாக இருக்கும், உள்ளே நுழைவதுதான் கஷ்டம். என் மகள் இரண்டில் போட்டாள், இரண்டிலும் இல்லை என்றார்கள்.

இந்த இரண்டு கரைக்கும் நடுவில் ஒரு கூட்டம் இருக்கிறது. சேர்க்கும்போது 'இந்தப் பிள்ளைக்கு நாம் எவ்வளவு கொடுக்க வேண்டியிருக்கும்' என்பதையும் பார்ப்பார்கள், ஆனால் சேர்த்துவிட்டால் தேவையை முழுவதும் கொடுத்துவிடுவார்கள். ஸ்டான்ஃபோர்டுகூட வெளிநாட்டவர் விஷயத்தில் இப்படித்தான். பெயர் தெரியாத பல சிறு கல்லூரிகளும் இப்படி. கடைசியில் என் மகள் சேர்ந்தது பென்சில்வேனியாவில் அப்படி ஒன்றில்தான்.

எந்தக் கல்லூரி எந்த ரகம் என்று கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. இதை எங்களுக்குச் சொன்னது சென்னையில் யுஎஸ்ஐஇஎஃப் என்ற இந்திய-அமெரிக்கக் கல்வி அமைப்பு நடத்தும் எஜுகேஷன்யுஎஸ்ஏ வழிகாட்டு மையத்தில். அங்கே ஆலோசனைக்குக் காசு வாங்குவதில்லை. பல கல்லூரிகள் வருடாவருடம் 'காமன் டேட்டா செட்' என்று ஒரு அறிக்கை போடுகின்றன. அதில் எச்-6 என்ற பகுதியைப் பார்க்க வேண்டும். வெளிநாட்டு மாணவரில் எத்தனை பேருக்கு உதவி கொடுத்தோம், சராசரி எவ்வளவு, மொத்தம் எவ்வளவு என்று அங்கே இருக்கும். பி பகுதியில் வெளிநாட்டு மாணவர் மொத்தம் எத்தனை பேர் என்பது இருக்கும். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் போதும், எட்டாம் வகுப்புக் கணக்கு. நாங்கள் பார்த்த ஒரு சிறு கல்லூரியில் பத்தில் எட்டுப் பேருக்குப் பெரிய தொகை கிடைத்திருந்தது. பேனர்காரர் சிபாரிசு செய்த பெரிய பல்கலைக்கழகங்களில் ஒன்றில் இருபது பேரில் ஒருவருக்குக்கூட இல்லை, கிடைத்தவர்களுக்கும் சொற்பம். இவ்வளவும் எல்லோரும் பார்க்கும்படி இருக்கிறது. பிறகு எதற்கு ஒன்றரை லட்சம் கொடுத்து ஒருவரிடம் கேட்க வேண்டும்?

கால்குலேட்டர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், பலர் அதை நம்பி ஏமாறுகிறார்கள். 2008-இல் வந்த ஒரு அமெரிக்கச் சட்டப்படி, அரசு உதவிப் பணம் வாங்கும் கல்லூரிகள் 2011 அக்டோபர் முதல் 'நெட் பிரைஸ் கால்குலேட்டர்' ஒன்றைத் தங்கள் தளத்தில் வைத்தாக வேண்டும். வருமானம், சொத்து எல்லாம் போட்டால் நம் பங்கு எவ்வளவு வரும் என்று சொல்லும். அது அவர்கள் ஊர்க் குடும்பத்துக்காகச் செய்தது. பலவற்றில் வெளிநாட்டவருக்குப் பொருந்தாது என்று மேலேயே எழுதியிருப்பார்கள். நாங்கள் வருமானத்தை டாலராக்கி 17,600 என்று போட்டதும், அரசின் பெல் கிராண்ட் 7,395 டாலர் உனக்கு உண்டு என்று காட்டியது. நமக்கு அந்தப் பணத்தில் ஒரு காசு வராது. அதனால் உதவி எவ்வளவு என்று அது காட்டுவதைப் பார்க்காமல், 'குடும்பப் பங்கு' என்று காட்டும் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டோம். தேவை முழுவதையும் கொடுக்கும் கல்லூரியானால் அந்த எண் ஓரளவு பக்கத்தில் வருகிறது. மற்ற கல்லூரிகளுக்கு அது ஜோசியம்தான்.

சரி, இனி விண்ணப்பம். சிஎஸ்எஸ் புரொஃபைல் என்று காலேஜ் போர்டு என்ற அமெரிக்க அமைப்பு நடத்தும் படிவம், குடும்பத்தின் வரவு, செலவு, சொத்து எல்லாம் அதில் எழுத வேண்டும். முதல் கல்லூரிக்கு 25 டாலர், ஒவ்வொரு கூடுதல் கல்லூரிக்கும் 16. எங்களுக்கு ஆறு கல்லூரிகள் கேட்டன, 105 டாலர் ஆயிற்று. சில கல்லூரிகள் இதற்குப் பதிலாகக் கட்டணமில்லாத வேறு படிவத்தையும் ஏற்றுக்கொள்கின்றன, எழுதிக் கேட்டால் சொல்வார்கள்.

ஒரு பாத்திரக் கடைக்காரனுக்கு இந்தப் படிவம் சாதாரணப்பட்டது இல்லை. என் மனைவி அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியை, அவளுக்குச் சம்பளத்துக்கும் வரிக்கும் சான்றாக ஃபாரம் 16 இருக்கிறது, பிரச்சினை இல்லை. என் கணக்கு அப்போது வருமான வரியில் சிறு வியாபாரிகளுக்கான 44ஏடி பிரிவில் போனது. வருட விற்பனை 62 லட்சம், அதில் 8 சதவீதம் லாபம் என்று வைத்துக் கிட்டத்தட்ட 5 லட்சம் வருமானம் காட்டி ரிட்டர்ன் போட்டோம். சட்டப்படி சரி, லாப நட்டக் கணக்குத் தனியாகத் தாக்கல் செய்ய வேண்டியதில்லை. ஆனால் அங்கே உதவித்தொகை அலுவலகத்தில் இருப்பவருக்கு இது புரியவில்லை. 62 லட்சம் விற்றவருக்கு 5 லட்சம்தானா, மீதி எங்கே என்று கேட்டு மின்னஞ்சல் வந்தது. நான்கு இரவு உட்கார்ந்து பேரேட்டிலிருந்து கொள்முதல், வண்டிச் சத்தம், கடை வாடகை, ஆள் சம்பளம், கரண்ட் எல்லாம் பிரித்து லாப நட்டக் கணக்கு எழுதி, ஆடிட்டரிடம் கையெழுத்து வாங்கி அனுப்பினோம். கடையோ நிலமோ இருக்கிறவர்கள் இதை முன்கூட்டியே தயார் செய்து வைத்துக்கொள்வது நல்லது. கேட்ட பிறகு கொடுப்பதற்கு ஒரு வாரம்தான் தருகிறார்கள்.

சரக்கு இருப்பின் மதிப்பு என்ன என்று கேட்டது இன்னொரு தலைவலி. நாச்சியார்கோவில் குத்துவிளக்குக்குக் கொள்முதல் விலை போடுவதா, விற்கும் விலையா? பத்து வருடமாக மாடியில் தேங்கிக் கிடக்கும் பழைய மாடல் டிபன் கேரியர்களுக்கு என்ன விலை? நான் கொள்முதல் விலையைப் போட்டு, தேங்கின சரக்கைப் பழைய உலோகத்தின் எடை விலைக்குக் குறைத்து, அப்படித்தான் போட்டிருக்கிறேன் என்று ஒரு வரியும் எழுதினேன். அதற்கு யாரும் மறுகேள்வி கேட்கவில்லை. மறைக்காமல் சொன்னால் அவர்கள் நம்புகிறார்கள் என்பது என் அனுபவம்.

திருவிடைமருதூர் பக்கத்தில் ஒன்றரை ஏக்கர் நிலம், தம்பிக்கும் எனக்கும் பொது, இன்னும் பாகப்பிரிவினை ஆகவில்லை. குத்தகையில் என் பங்குக்கு வருடம் 28,000 வருகிறது. விவசாய வருமானத்துக்கு இங்கே வரி கிடையாது, அதனால் அதை எழுத வேண்டாம் என்றார் ஒரு நண்பர். வரி இல்லாத வருமானத்தையும் அந்தப் படிவம் தனியாகக் கேட்கிறது. எழுதினோம். குடியிருக்கும் வீட்டை ஒவ்வொரு கல்லூரியும் ஒவ்வொரு விதமாகப் பார்க்கிறது. ஹார்வர்டு அதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை, வேறு சில எடுக்கின்றன. ஒரே குடும்பத்துக்கு இரண்டு கல்லூரிகள் இரண்டு விதமாகப் பங்கு போடுவது இதனால்தான். உத்தேசக் கணக்கில் மேலே கீழே 3,000 டாலர் இடைவெளி விட்டு வைப்பது புத்திசாலித்தனம்.

வருடக் குடும்பச் செலவையும் கேட்கிறார்கள். 17,600 டாலரில் ஐந்து பேர் எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்று அவர்களுக்குச் சந்தேகம் வராமல் இருக்குமா? வரவும் செலவும் பொருந்த வேண்டும்.

இங்கேதான் நான் ஒரு தப்பு செய்தேன். மருத்துவச் செலவு என்ற கட்டத்தில் மகள் என்னைக் கேட்டாள், "பாட்டிக்கு ஆகுறதைப் போடலாமாப்பா?" என் தாயார் பக்கவாதத்தில் படுத்து மூன்று வருடம். பார்த்துக்கொள்ளும் அம்மாளுக்கு மாதம் 12,000, மருந்து மாத்திரை 5,000. வருடத்துக்கு இரண்டு லட்சத்துக்கு மேல். பெற்ற தாய்க்குச் செய்வதை யாரோ ஒரு வெள்ளைக்காரரிடம் கணக்கு எழுதிக் காட்டிப் பணம் கேட்பதா என்று எனக்குக் கோபம் வந்துவிட்டது. பூஜ்யம் போடு என்றேன். போட்டாள்.

மார்ச் கடைசியில் அந்தப் பென்சில்வேனியா கல்லூரிக் கடிதம் வந்தது. கல்விக் கட்டணம் 64,200, தங்குமிடமும் சாப்பாடும் 15,400, புத்தகமும் கைச்செலவும் 2,800. ஆக மொத்தம் 82,400 டாலர். அதில் 70,500 கல்லூரி தருகிறது, திருப்பித் தர வேண்டியதில்லை. 2,800 மகள் வளாகத்தில் வேலை செய்து சம்பாதிப்பாள். குடும்பம் கட்ட வேண்டியது 9,100. படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் கண் கலங்கிவிட்டது. நம் ஏழரை லட்சத்துக்கு இது பக்கத்தில்தான் வருகிறது என்றாள் மனைவி. அப்புறம் கீழே படித்தால் மருத்துவக் காப்பீடு 2,400 தனி. 11,500 டாலர், அதாவது 9 லட்சத்து 54 ஆயிரம். விமான டிக்கெட் இதில் இல்லை.

பதில் சொல்ல மே 1 வரை நேரம். மேல்முறையீடு செய்யலாம் என்று மகள் சொன்னாள். பேரம் பேசுகிற மாதிரி எழுதக் கூடாது, விட்டுப்போன விவரம் இருந்தால் அதை ஆதாரத்தோடு எழுத வேண்டும் என்று அவளுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். விட்டுப்போனது எது என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. கடைசியில் என் தாயாரே, பேச்சு சரியாக வராத நிலையில், "எழுதுடா" என்றார். மருந்துக் கடை பில்கள், டாக்டர் சான்றிதழ், பார்த்துக்கொள்ளும் அம்மாளிடம் சம்பளத்துக்கு வாங்கிய ரசீது, தம்பியோடு நிலம் பொதுவில் இருப்பதற்கான பட்டா நகல் எல்லாம் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து அனுப்பினோம். பன்னிரண்டு நாளில் பதில் வந்தது. 2,400 டாலர் கூட்டி 72,900 ஆக்கியிருந்தார்கள். நாங்கள் கட்ட வேண்டியது காப்பீட்டையும் சேர்த்து 9,100. ரூபாயில் 7 லட்சத்து 55 ஆயிரம். சிட்டையில் எழுதிய ஏழரை லட்சம் அப்படியே நின்றது. டிக்கெட்டுக்கு மட்டும் இடம் இல்லை, அதனால் ஊருக்கு வருவது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை என்று முடிவாயிற்று. என் தாயார் பேத்தியைத் திரும்பப் பார்க்கவில்லை. அது வேறு கணக்கு.

பிற்பாடு தெரிந்த சில செலவுகளையும் எழுதிவிடுகிறேன், இதையெல்லாம் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. 2024-இல் விசாக் கட்டணம் 185 டாலர், வெளிநாட்டு மாணவர் பதிவுக்கான செவிஸ் கட்டணம் 350. வளாக வேலைப் பணத்தைக் கல்லூரி பில்லில் கழிக்காது, அது வாராவாரம் உழைத்துச் சம்பாதிக்க வேண்டியது. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வகுப்பு நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. ஆகஸ்டில் பில் வரும்போது அந்தக் காசு கையில் இருக்காது. முதல் பருவத்துப் பில்லில் 609 டாலர் வரி என்று ஒரு வரி இருந்தது. நான் தப்பாகப் போட்டுவிட்டார்கள் என்றே நினைத்தேன். உதவித்தொகையில் கல்விக் கட்டணத்துக்குப் போவதற்கு வரி இல்லை, ஆனால் தங்குமிடம், சாப்பாட்டுக்குப் போகும் பகுதியை அமெரிக்கா வருமானமாகப் பார்க்கிறது. வெளிநாட்டு மாணவரிடம் அதில் 14 சதவீதம் பிடிக்கிறார்கள். 72,900-இல் 64,200 போக மிஞ்சுவது 8,700, பாதி வருடத்துக்கு 4,350, அதற்கு 14 சதவீதம் 609. இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் உள்ள வரி ஒப்பந்தத்தில் நம் மாணவர்களுக்கு அந்நாட்டவர் போலவே நிலையான கழிவு உண்டு, 2024-க்கு அது 14,600 டாலர். அடுத்த வருடம் வரிப் படிவம் தாக்கல் செய்து பணத்தைத் திரும்ப வாங்கினாள். ஆனால் முதலில் அந்த ஐம்பதாயிரம் ரூபாய் சொச்சத்தைப் புரட்ட வேண்டியிருந்தது.

இங்கிருந்து பணம் அனுப்பும்போது அந்த வருட விதிப்படி 7 லட்சத்துக்கு மேல் போன தொகைக்கு வங்கியில் 5 சதவீதம் டிசிஎஸ் என்று முன்கூட்டியே வரி பிடித்தார்கள். சில ஆயிரம்தான், அதையும் ரிட்டர்னில் திரும்ப வாங்கலாம். 2025 ஏப்ரலில் அந்த வரம்பை 10 லட்சமாக்கினார்கள். டாலர் மட்டும் யாரையும் கேட்கவில்லை. 83 என்று நான் கணக்குப் போட்டேன், அவள் போன அந்த டிசம்பரிலேயே 85-ஐத் தாண்டியது. 90 என்று வைத்துக் கணக்குப் போடாதது என் தப்பு. வெள்ளி, பித்தளை விலை ஏறும் என்று தெரிந்து கொள்முதல் செய்பவனுக்கு டாலர் ஏறும் என்று தோன்றாமல் போயிற்று.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். பிளெக்ஸ் கட்டிய அதே மனிதர் முதலில் எங்களுக்குச் சொன்ன யோசனை என்ன தெரியுமா? விண்ணப்பத்தில் உதவி வேண்டும் என்று டிக் செய்யாதீர்கள், செய்தால் சேர்க்க மாட்டார்கள், சேர்ந்த பிறகு கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்றார். பாதி உண்மை இருப்பதுதான் இதில் ஆபத்து. சில கல்லூரிகளில் உதவி கேட்டால் இடம் கிடைப்பது கஷ்டமாகிறது, அது நிஜம். ஆனால் சேரும்போது கேட்காத வெளிநாட்டு மாணவர் நான்கு வருடமும் கேட்க முடியாது என்று பல கல்லூரிகளின் விதியிலேயே எழுதியிருக்கிறது. விசாவுக்கு வேண்டிய ஐ-20 படிவம் தருவதற்குக் குறைந்தது முதல் வருடச் செலவுக்காவது பணம் இருப்பதைக் காட்ட வேண்டும். அதற்கு என்ன செய்வது என்றேன். ஒரு மாதத்துக்கு வட்டிக்கு எடுத்து வங்கியில் போட்டு பேலன்ஸ் காட்டிவிட்டுத் திருப்பிவிடலாம், எல்லோரும் செய்கிறார்கள் என்றார். அப்படி இரண்டு கோடிக்கு ஒப்புக்கொண்டு இரண்டாவது வருடம் பிள்ளையைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்ட ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். சீர்வரிசைப் பாத்திரம் எடுக்க எங்கள் கடைக்கு வருகிறவர்கள்தான்.

சென்ற மாதம் ஒருவர் தன் மகனுக்கு வந்த கடிதத்தை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். வருடத்துக்கு 20,000 டாலர் 'ஸ்காலர்ஷிப்'. செலவு எவ்வளவு என்றேன். தெரியாது என்றார். இந்தப் பணம் வருடாவருடம் ஏறுமா, மார்க் குறைந்தால் நிறுத்துவார்களா, காப்பீடு இதில் சேர்ந்ததா, எதுவும் தெரியாது. பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் கூட்டிக் கழித்துக் காட்டியதும் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். உறவுக்காரர்களுக்கெல்லாம் சொல்லியாகிவிட்டதே என்றார்.

அதனால் ஆசிரியர் அவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். இனி இப்படிச் செய்தி வரும்போது உங்கள் நிருபர் இரண்டு கேள்வி கூடக் கேட்கட்டும். நான்கு வருட மொத்தச் செலவு எவ்வளவு, குடும்பம் கட்டப் போவது எவ்வளவு. பெற்றோர் சொல்ல விரும்பவில்லை என்றால் அதையும் போடுங்கள். கல்லூரி தானாகத் தள்ளுபடி செய்ததா, குடும்ப நிலையைப் பார்த்துக் கொடுத்ததா என்றும் எழுதினால் படிக்கிற இன்னொரு அப்பாவுக்கு உதவும். ஆடித் தள்ளுபடியில் ஐம்பது சதவீதம் என்று போர்டு வைத்தால் எம்ஆர்பி எவ்வளவு என்று கேட்காமல் எங்கள் கடையில் ஒருவரும் ஒரு குடம்கூட வாங்குவதில்லை.

பேனரை நான்தான் ஆள் வைத்துக் கழற்றினேன். கெட்டியான பிளெக்ஸ். மாடியில் தேங்கின டிபன் கேரியர்களின் மேல் தூசி படாமல் போர்த்தியிருக்கிறேன்.

இதைப் பிரசுரித்தால் என் பெயரைப் போட வேண்டாம். கும்பகோணம் என்று மட்டும் போடுங்கள். மகள் படித்துக்கொண்டிருக்கிறாள், ஒரு முறை தொங்கியது போதும்.

இப்படிக்கு,
ஒரு பாத்திரக் கடைக்காரர்,
கும்பகோணம்.